கச்சான் கன்றின் கழுத்தைப் பிடிக்கும் நோய்

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போனவர்கள் கச்சான் வாங்காமல் வீடு திரும்புவது அரிது. முள்ளியவளைப் பக்கத்து மேட்டுக்காணிகளில், காலபோக மழை விட்டுவிட்டுப் பெய்யும் நாள்களில், அந்தக் கச்சானுக்கு ஒரு கண்டம் உண்டு. செழித்து நின்ற கன்று திடீரென வாடும். பிடுங்கிப் பார்த்தால் தண்டின் அடியில் வெள்ளை நூல் படர்ந்திருக்கும், கடுகளவு மண்ணிற மணிகள் ஒட்டியிருக்கும். ஸ்கிளிரோட்டியம் என்ற பூஞ்சணம் அது. அந்த மணிகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கத்தரி, மிளகாய், தக்காளியையும் விடாது.

‘நோய் தாங்கும் இனம் எது?’ என்றுதான் பலரும் கேட்கிறார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவில் வந்த ஜோர்ஜியா-12வை என்ற இனம் இந்த நோயை நன்றாகவே தாங்குகிறது. ஆனாலும் நோயே அண்டாத கச்சான் இனம் என்று எதுவும் இல்லை. தாங்கும் இனமும் என்றைக்கும் தாங்கும் என்றில்லை. கலிபோர்னியாவில் சீனி எடுக்கும் பீற்றூட் தோட்டங்களில் ஒரே மரபணுவை நம்பி எதிர்ப்பினங்களை விதைத்தார்கள். வேரைத் தாடிபோல் ஆக்கும் வைரஸ் அந்த எதிர்ப்பையும் உடைத்தது.

ஆகவே நடுகையைத்தான் முதலில் திருத்த வேண்டும். இந்தப் பூஞ்சணத்துக்குக் காற்றும், மேல்மண்ணில் உக்காத செத்தையும் வேண்டும். பழைய கொடியையும் புல்லையும் ஆழ உழுது புரட்டிவிட்டால் இரண்டும் கிடைக்காது. வரிசைக்கு வரிசை 45 சென்ரிமீற்றர், கன்றுக்குக் கன்று 15 சென்ரிமீற்றர் விட்டால் அடிமண்ணில் ஈரம் தேங்காமல் காயும். நெருக்கி விதைத்த காணியில் ஒரு கன்றின் நோய் அடுத்த கன்றுக்குப் படர நாளெடுக்காது. மண் அணைப்பதிலும் பதம் தெரிய வேண்டும். விழுது இறங்க இளகிய மண் தேவைதான். தண்டையும் இலையையும் மூடும்படி வாரிப் போட்டால் பூஞ்சணத்துக்குத்தான் வசதி.

எனக்குப் பெரிய கவலை விதைதான். இளங்கன்றின் கழுத்தைக் கரித்தூள் படிய அழுகவைக்கும் அஸ்பர்ஜிலஸ் என்ற இன்னொரு பூஞ்சணம் மண்ணில் மட்டுமல்ல, விதையிலும் வரும். தோல் கிழிந்த, பிளந்த பருப்பில் அது சுலபமாக ஏறும். ஆழமாக ஊன்றிய விதையைக் கூடுதலாகத் தாக்கும். 2008, 2009 போர் இடப்பெயர்வில் வன்னிச் சனம் வீட்டோடு விதையையும் விட்டுவிட்டுத்தான் ஓடியது. திஸ்ஸ, வலவ, இந்தி என்று இனங்களின் பெயரைச் சொல்கிறோம். ஆனால் சொந்த விதை போனபின் கடையில் வாங்கும் மூட்டைக்குள் இருப்பது எதுவென்று தெரியாதபோது எதிர்ப்பினத்தைப் பற்றிப் பேசி என்ன பயன்?

கன்று பச்சையாக நிற்கும்போதே நோயில்லாத பகுதிக்குத் தடிநட்டு அடையாளம் வைக்க வேண்டும். அதிலிருந்து மட்டும் விதைக்கு எடுத்து, கோதோடு காயவைத்துச் சேமித்து, விதைக்கிற கிழமையில் கையால் உடைக்க வேண்டும். நோய் கண்ட காணிக்கு அடுத்த போகம் கச்சான் வேண்டாம், சோளம் போடலாம்.