முதுபரி ஓம்பல்

குதிரையென்ற அளவிலே நம் மனக்கண்முன் தோன்றுவது அதன் ஓட்டமேயாம். போர்க்களத்திற் பாய்ந்த புரவியையும் தேர்பூண்ட மாவையும் நாம் பயிலும் நூல்கள் பலபடப் பாராட்டுகின்றன. ஓடி ஓய்ந்து, பல் தேய்ந்து, முதுகு குழிந்து நிற்கும் கிழக்குதிரையோ புலவர் நாவிற் பெரும்பாலும் ஏறுவதில்லை. இருபது வயதளவில் வேலையினின்று நீங்கிய குதிரை, நன்கு பேணப்படின், பின்னும் பத்தாண்டு உயிர்வாழ்தல் கூடும். அப்பிற்பகுதி வாழ்வை நடத்துவிப்பது எத்துணை உழைப்பை வேண்டுவதென்பதை யாம் நூல்வாயிலாக அறிந்தவாறு ஈண்டு எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

வேலை செய்ய இயலாத குதிரைக்கு இல்லம் அமைத்துக் காக்கும் வழக்கத்திற்கு இங்கிலாந்து தேசத்தைச் சான்றாகக் கொள்ளலாம். 1877-ஆம் ஆண்டில் அன்னா சியூவெல் என்னும் மாது 'பிளாக் பியூட்டி' என்னும் கதையை வெளியிட்டார். குதிரையே தன் வரலாற்றைக் கூறுவதாக அமைந்தது அந்நூல். லண்டன் நகரத்து வாடகை வண்டிக் குதிரைகள் படும் பாட்டை அதன்கட் கண்டு உள்ளம் நெகிழ்ந்த ஆன் லிண்டோ என்னும் மற்றொரு மாது, 1886-இல் அவற்றிற்கென ஓர் ஓய்வில்லம் தோற்றுவித்தார். அது பலவிடம் பெயர்ந்து, இன்று பக்கிங்ஹாம்ஷியரிலுள்ள ஸ்பீன் என்னும் சிற்றூரில், 'ஹார்ஸ் டிரஸ்ட்' என்னும் பெயரால் நடைபெறுகின்றது. 1982-ஆம் ஆண்டு ஜூலை 20-ஆம் நாள் லண்டன் ஹைட் பார்க்கில் வெடித்த வெடிகுண்டினால் குதிரைப்படை வீரர் நால்வர் உயிர்துறந்தனர். ஏழு குதிரைகளும் மாண்டன. முப்பத்துநான்கு காயங்களுடன் பிழைத்த செப்டன் என்னும் குதிரை, மீண்டும் படையிற் பணிசெய்து, 1984-இல் ஓய்வு பெற்று இவ்வில்லத்தை அடைந்தது. அது 1993-இல் இறந்தபொழுது அதற்கு வயது முப்பது.

இனி, முதிய குதிரையின் வாழ்வு எதனைப் பற்றி நிற்பதெனின், பல்லைப் பற்றியே என்க. நம் பல்லைப்போல் ஒருமுறை வளர்ந்து நின்றுவிடுவதன்று குதிரையின் கடைவாய்ப்பல். அதன் பெரும்பகுதி இளமையில் தாடையெலும்பினுள் மறைந்து கிடக்கும். புல்லை அரைத்தரைத்து மேற்பகுதி தேயத்தேய, உள்ளிருப்பது ஆண்டுக்கு ஏறக்குறைய 2 அல்லது 3 மில்லிமீட்டர் வெளிப்போந்து அவ்விழப்பை ஈடுசெய்யும். கைம்முதலை எடுத்துண்ணும் குடும்பத்தைப்போல, வைப்பு உள்ளவரையில் குறை தோன்றாது. இருபத்தைந்து முப்பது வயதளவில் வைப்புத் தீர்ந்தபின், முன்னே எவ்வளவு புல் குவிந்து கிடப்பினும் பயனில்லை. மேல்தாடை கீழ்த்தாடையினும் அகன்றிருத்தலால் பற்களின் ஓரம் ஒருபுறமாகத் தேய்ந்து கத்திபோற் கூர்மையுற்றுக் கன்னத்தையும் நாவையும் கிழிப்பதும் உண்டு. ஆதலின் ஆண்டுக்கு ஒருமுறையேனும் வைத்தியர் நீண்ட அரத்தை வாயினுட் செலுத்தி அவ்வோரங்களை மழுக்குவர். மிக முதிர்ந்த குதிரைக்கோ அராவுதற்கும் பல் எஞ்சியிராது.

பல் இழந்த குதிரை உலர்ந்த புல்லை வாயிற் குதப்பி, விழுங்க மாட்டாது, ஈர உண்டையாகக் கீழே உமிழும். லாயத்துத் தரையில் அவ்வுண்டைகளைக் கண்டவளவிலே பராமரிப்போர் உணவை மாற்றிவிடுதல் வேண்டும். மெல்லாது விழுங்கினாலோ தீங்கு பெரிது: உணவு தொண்டைக்குழாயில் அடைபட்டு மூக்கின் வழியே ஒழுகும். குதிரைக்கு வாந்தியெடுக்கும் ஆற்றலும் இல்லை. ஆகவே புல்லைப் பொடித்துத் திரட்டிய வில்லைகளையும், சர்க்கரை எடுத்த பீட்ரூட் கிழங்கின் உலர்ந்த சக்கையையும் நீரில் ஊறவைத்துக் கூழாக்கிக் கொடுக்கின்றனர். சக்கை நன்றாக ஊறிப் பருத்தபின்னரே அதனைக் கொடுத்தல் வேண்டும். ஊறும் காலம் வகைக்கேற்ப வேறுபடும். சிலவற்றிற்கு ஒரு பகலும் ஓரிரவும் வேண்டும். கோடையில் அது புளித்துப்போம். குளிர்காலத்தில் வாளியோடு உறைந்துபோம்.

500 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு 7 முதல் 10 கிலோ உலருணவு வேண்டும். அதன் இரைப்பையோ உடலளவை நோக்கச் சிறிது; ஒருவேளையில் மிகுதியாகக் கொள்ளாது. ஆகவே பல்லற்ற குதிரைக்கு நாளொன்றுக்கு நான்கு அல்லது ஐந்து வேளை கூழ் வைக்கப்படும். இருபது குதிரையுள்ள கூட்டத்திற் பாதிக்கு இவ்வுணவு வேண்டுமாயின் நாள்தோறும் நாற்பதுக்குக் குறையாத வாளிகள் ஊறவும், சுமக்கப்படவும், கழுவப்படவும் வேண்டும். முதிய உயிரைக் காத்தல் கருணைச் செயலென்று சொல்லுதல் எளிது; பனி பெய்யும் வைகறையில் அக்கருணை பெரும்பாலும் வாளி கழுவுதலாகவே இருக்கின்றது.

காலையில் முதற்றொழில் உணவிடுவதன்று, உற்றுநோக்குவதே. எக்குதிரை தலை நிமிர்ந்து கனைக்கின்றது, எது மூலையில் ஒதுங்கி நிற்கின்றது, இரவில் இலத்தி எத்தனைமுறை இட்டது, நீர்த்தொட்டி எவ்வளவு குறைந்தது என்பன முதலில் அறியப்படும். இலத்தியை உடைத்துப் பார்த்து, அதிலுள்ள நார் நீண்டிருப்பின் மெல்லுதல் குறைந்ததென்று அறிவர். கடுங்குளிரில் தண்ணீர் சில்லிட்டிருப்பின் முதிய குதிரை போதிய அளவு குடியாது. குடல் வறண்டு அடைபட்டு வயிற்றுவலி காணும். ஆதலின் வெந்நீர் கலந்து வைப்பர். கண்ணை மாத்திரம் நம்புதலும் ஆகாது. அடர்ந்த குளிர்கால மயிரின்கீழ் விலாவெலும்பு புடைத்திருப்பது புலப்படாமையின், கையால் விலாவையும் முதுகையும் தடவியே மெலிவை அறிதல் வேண்டும்.

மயிர் அளவிறந்து நீண்டு சுருண்டு வேனிலிலும் உதிராதிருப்பின் அது வேறொரு நோயின் குறி. மூளையினடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி நிலைதிரிவதால் உண்டாகும் அந்நோய் பதினைந்து வயதிற்கு மேற்பட்ட குதிரைகளுக்கு மிகுதியாக வருகின்றது. கவனியாது விடின் குளம்பினுள் அழற்சி தோன்றி, நிற்கவும் இயலாத வேதனை தரும். இதற்குப் பெர்கோலைடு என்னும் மாத்திரையை நாள்தோறும் கொடுப்பர்.

கூட்டத்திற்கெனக் குதிரைகள் தாமே வகுத்துக்கொண்ட வரிசையொன்று உண்டு. ஒருகாலத்தில் முதல்வனாய் நின்ற குதிரை மூட்டுவாதத்தால் தளர்ந்தபின், இளையவை காதை மடக்கி அதனை உணவினின்றும் விரட்டும். விரட்டப்பட்டது எதிர்த்து நில்லாது ஒதுங்கிப் பட்டினி கிடக்கும். அதனைத் தனியே கட்டியிட்டால் உணவு கிடைக்கும். ஆனால் துணையின்றி ஏங்கும். ஆதலின் உண்ணும் பொழுதில் மட்டும் பிரித்து, பின்னர்ப் புல்வெளியிற் சேர்த்துவிடுவர். மூட்டுவாதம் உள்ளதற்குக் கட்டிவைத்தலினும் மெல்ல உலாவுதலே நன்று.

குதிரை நின்றபடியே உறங்கும் என்பது யாவரும் அறிந்தது. ஆயின் ஆழ்ந்த உறக்கத்திற்கு நாளில் ஏறக்குறைய அரைமணி நேரமேனும் அது படுத்தாகவேண்டும் என்பதைப் பலர் அறியார். முழங்கால் வலியுள்ள கிழக்குதிரை, படுத்தால் எழமுடியாதென அஞ்சியதுபோலப் படாமலே நாட்களைக் கழிக்கும். பின்னர் நின்றவாறே கண்ணயர்ந்து முன்னங்கால் மடங்கித் தடுமாறும். முன்னங்காலின் முகப்பில் ஆறாத சிராய்ப்புக் காணின் பராமரிப்போர் உறக்கத்தைப் பற்றி ஐயுறுவர். படுக்கையை ஆழமாக இட்டும், வலிமருந்து கொடுத்தும், அஞ்சாது படுக்கச் செய்வதுண்டு.

இவையெல்லாம் செய்தும் ஒருநாள் வருகின்றது. குளிர்காலத்திற்கு முன், இலையுதிர் காலத்திலே, வைத்தியரும் பராமரிப்போரும் ஒவ்வொரு குதிரையையும் நோக்கி, இது வருங்குளிரைத் தாங்குமோ என்று கேட்கின்றனர். தாங்காதென்று கண்டால் நல்வெயில் காயும் நாளொன்றில், வயிறாரக் கூழ் உண்பித்து, வைத்தியர் கையால் அதன் வாழ்வை முடிக்கின்றனர். உறைபனியில் விழுந்து எழமாட்டாது இரவெல்லாம் துடிப்பதினும் அது மேலென்பது அவர் துணிபு. கொடுமையென்று கருதுவாரும் உளர். யாம் முதலில் அவ்வாறே கருதினோமேனும், விழுந்த குதிரை தன் எடையாலேயே தசையும் நுரையீரலும் நசுங்கிப் படும் துன்பத்தைப் படித்தபின், அவர் துணிபைக் குறைகூற எமக்கு மனம் துணிந்திலது.

அக்குதிரைக்கு நெடுநாள் துணையாயிருந்த மற்றொன்று இருப்பின், உடலை உடனே அகற்றுவதில்லை. துணைக்குதிரையை அருகே விட்டுவிடுவர். அது மோந்து பார்க்கும். சிலபொழுது மூக்கால் உந்தும். சற்றுநேரம் நின்று தானே விலகிப் புல் மேயத் தொடங்கும். கண்டறியாத குதிரையோ வேலியோரம் நாட்கணக்கிற் கனைத்துக்கொண்டு ஓடுவதுண்டு. ஆதலின் இல்லத்தோர் முன்கூட்டியே இன்னொரு கிழக்குதிரையை அப்புல்வெளிக்குப் பழக்கி வைக்கின்றனர்.