மரம் எங்கே வளரும்? மேப் போடும் மேக்ஸ்என்ட்

காட்டை மீட்க நடும் கன்று, இடம் தவறினால் வீண். இடம் தேர்வு செய்ய உதவும் இலவச சாப்ட்வேர் மேக்ஸ்என்ட். ஜாவா இருந்தால் உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே இயங்கும்.

ஒரு மரம் காணப்பட்ட இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளை ஒரு பைலில் கொடுங்கள். கூடவே மழை, வெப்பநிலை மேப்புகளையும் கொடுங்கள். வேர்ல்டுகிளிம் தளத்தில் இத்தகைய 19 மேப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. சாப்ட்வேர் இரண்டையும் ஒப்பிட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் 0 முதல் 1 வரை மதிப்பெண் போடும். 1-ஐ நெருங்க நெருங்க அந்த இடம் மரத்துக்குப் பொருத்தம்.

ஒரு எச்சரிக்கை. நீலகிரியில் சோலைக்காடுகளுக்கு இடையே இருப்பவை இயற்கைப் புல்வெளிகள். தட்பவெப்பத்தை மட்டும் பார்க்கும் மேப், அங்கும் மரம் வளரும் என்று காட்டலாம். நட்டால் புல்வெளி அழிந்துவிடும். எனவே மேப்பைப் பார்த்த பின், நேரில் போய்ப் பார்ப்பது அவசியம்.