இரவல் தந்த செயற்கைக்கோள்

அண்டை வீட்டார் ஒருவருக்கொருவர் இரவல் கொடுப்பதும் வாங்குவதும் உலக வழக்கம். உழவு நாளில் ஏர்மாடு இல்லாதவர் பக்கத்து நிலத்தாரிடம் மாடு கேட்டுப் பெறுவர்; கிணறு வற்றியவர் அடுத்த வீட்டுக் கிணற்றில் நீர் இறைப்பர். ஒரு நாடு மற்றொரு நாட்டுக்குச் செயற்கைக்கோளை இரவல் தந்தது உண்டோ? உண்டு. பூமிக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் அத்தகைய உதவி ஒருமுறையன்று, பலமுறை நிகழ்ந்துள்ளது.

அவ்வுயரத்தில் நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே செலுத்தப்படும் கோள், பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றும் காலத்திற்குள் தானும் பூமியை ஒருமுறை சுற்றிவிடும். ஆகவே, தரையிலிருந்து நோக்குவோர்க்கு அது வானில் ஓரிடத்திலேயே நிலைத்து நிற்பதுபோலத் தோன்றும். இதனைப் புவிநிலைக் கோள் என்பர். தாழ்வாகப் பறக்கும் கோள்கள் ஓரிடத்தை விரைந்து கடந்துவிடும். புவிநிலைக் கோளோ இரவும் பகலும் ஒரே பரப்பை இமைக்காது நோக்கி நிற்கும். கடலின் நடுவே மேகக் கூட்டம் ஒன்று திரள்வதையும், அது சுழன்று புயலாவதையும், கரையை நோக்கி நகர்வதையும் தொடர்ந்து படம் பிடித்து அனுப்பும். புயல் வரும் திசையை முன்னரே அறிந்தால் மீனவரைக் கரைக்கு அழைக்கலாம்; தாழ்ந்த நிலத்தில் வாழ்வோரை மேட்டுக்குக் கொண்டு செல்லலாம். அறியாவிடில் உயிர்ச்சேதம் பெருகும்.

எனினும், ஒரு கோளின் பார்வைக்கு எல்லை உண்டு. பூமியின் மேற்பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பகுதியையே அது காணும். அதன் ஓரங்களும் தெளிவாகத் தெரியா. உலகை இடைவெளியின்றிக் காண வேண்டுமாயின் நிலநடுக்கோட்டைச் சுற்றி ஐந்து கோள்களேனும் தேவை என அறிஞர் கணக்கிட்டனர். இச்சுமையை ஒரு நாடே தாங்குவது அரிது. ஆகையால் 1972-ஆம் ஆண்டில் அமெரிக்கா, ஜப்பான், ஐரோப்பா ஆகியவற்றின் பிரதிநிதிகள் கூடி, இத்தகைய கோள்களின் பணியை ஒருங்கிணைக்க ஒரு குழுவை அமைத்தனர். எந்தக் கோள் எப்பகுதியைக் காண்பது, படங்களை எம்முறையில் அனுப்புவது, கடலில் செல்லும் கப்பல்களின் வானிலைச் செய்திகளை எந்த அலைவரிசையில் பெறுவது என்பன போன்றவற்றில் பொது உடன்பாடு காண்பதே அக்குழுவின் வேலை.

முதல் சோதனை விரைவிலேயே வந்தது. 1979-ஆம் ஆண்டில் உலக நாடுகள் பல சேர்ந்து வளிமண்டலம் முழுவதையும் ஓராண்டுக் காலம் ஆராயத் திட்டமிட்டன. அதன்பொருட்டு இந்தியப் பெருங்கடலுக்கு மேலே சோவியத் நாட்டுக் கோள் ஒன்று நிற்கவேண்டியிருந்தது. அது உரிய காலத்தில் ஆயத்தமாகவில்லை. பருவக்காற்றின் பிறப்பிடமான அக்கடலைக் காணாது விட்டால் ஆராய்ச்சியே குறையுடையதாகும். எனவே, அமெரிக்கா தன் கோஸ்-1 என்னும் கோளை அவ்விடத்திற்கு நகர்த்தியது. அதனிடமிருந்து செய்தி பெறும் பொறுப்பை ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் ஏற்றது. சோவியத் நாட்டின் இடத்தில் அமெரிக்கக் கோள் நிற்க, ஐரோப்பியர் அதனைக் கவனித்தனர்! ஆராய்ச்சியும் இனிது நடந்தது.

1985-ஆம் ஆண்டில், தொலைவிடங்களில் உள்ள கருவிகளின் செய்திகளைத் திரட்டித் தர ஐரோப்பாவுக்குத் தகுந்த கோள் இல்லாது போயிற்று. அப்போது அமெரிக்கா கோஸ்-4 என்னும் கோளை அட்லாண்டிக் பெருங்கடலுக்கு மேலே அனுப்பி உதவிற்று.

சில ஆண்டுகளில் உதவியவருக்கே உதவி தேவைப்பட்டது. 1986-இல் அமெரிக்க வானிலைக் கோள் ஒன்று ஏவும்போதே ராக்கெட்டுடன் அழிந்தது. 1989 ஜனவரியில் கோஸ்-6 என்னும் கோளின் படக்கருவி செயலிழந்தது. புதிய கோள்களைச் செய்யும் வேலையோ தாமதமாகிக்கொண்டே சென்றது. கிழக்கே ஒன்றும் மேற்கே ஒன்றுமாக இரு கோள்கள் காவல் புரிந்த வானில் கோஸ்-7 மட்டுமே எஞ்சியது. அதனைப் புயற்பருவத்தில் கிழக்காகவும், குளிர்காலத்தில் மேற்காகவும் நகர்த்தி நகர்த்திக் காலம் கழித்தனர். அதுவும் பழுதுபட்டால் அட்லாண்டிக் கரையில் வாழும் மக்களின் கதி என்ன ஆகும்?

இந்நிலையில் ஐரோப்பிய நாடுகள் தம் மெட்டியோசாட்-3 என்னும் கோளை 1991-இல் மேற்கே நகர்த்தி அட்லாண்டிக் கடலின் நடுவே நிறுத்தின. 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ என்னும் கொடிய புயல் அப்பெருங்கடலைக் கடந்து வந்து புளோரிடாவைத் தாக்கியபோது, அக்கோள் அக்கடலை நோக்கியவண்ணம் நின்றது. 1993-இல் அது மேலும் மேற்கே சென்றது. அவ்விடம் ஜெர்மனியிலுள்ள நிலையத்தின் பார்வைக்கு அப்பாற்பட்டது. ஆதலின் அமெரிக்க மண்ணிலேயே அதற்கெனச் சாதனங்கள் அமைக்கப்பட்டன. 1994-இல் அமெரிக்காவின் புதிய கோள் விண்ணேறியது. பின்னர் மெட்டியோசாட்-3 தன் கடமை முடிந்து விடைபெற்றது.

பின்னர் ஜப்பானுக்கு நெருக்கடி நேர்ந்தது. அந்நாட்டின் ஐந்தாம் ஹிமாவரிக் கோள் 1995-இல் ஏவப்பட்டது. ஹிமாவரி என்பது ஜப்பானிய மொழியில் சூரியகாந்திப் பூவைக் குறிக்கும். அதற்குப் பின் பணியேற்கவேண்டிய கோள் 1999 நவம்பரில் ராக்கெட் பழுதால் அழிந்துபோயிற்று. ஐந்தாண்டுகளுக்கென அமைந்த பழைய கோளே அதற்கு மேலும் உழைத்துத் தளர்ந்தது. 2003 மே மாதத்தில் அமெரிக்காவின் கோஸ்-9 பசிபிக் பெருங்கடலின் மேற்பகுதிக்கு வந்து அதன் பணியை ஏற்றது. அதுவும் குறையற்ற கோளன்று. சில ஆண்டுகளுக்கு முன்னரே பணியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டிருந்ததே. ஆயினும், 2005-இல் ஜப்பானின் புதிய கோள் பணி தொடங்கும்வரை அது காவல் காத்தது. அதனால் ஜப்பான் மட்டுமன்றி, அதே படங்களை நம்பியிருந்த ஆஸ்திரேலியாவும் பசிபிக் தீவுகளும் பயன்பெற்றன.

கோளை இடம் மாற்றுவது எங்ஙனம்? அதன் சுற்றுப்பாதையைச் சற்றே உயர்த்தினால், அது பூமியின் சுழற்சிக்குப் பின்தங்கி மேற்கு நோக்கி நகரும். சற்றே தாழ்த்தினால், முந்திக்கொண்டு கிழக்கு நோக்கிச் செல்லும். சேரவேண்டிய இடம் வந்ததும் மீண்டும் பழைய உயரத்தில் நிறுத்துவர். இவ்வொவ்வொரு செயலுக்கும் எரிபொருள் செலவாகும். அக்கோள்களுக்கு விண்ணில் மீண்டும் எரிபொருள் நிரப்ப வழியில்லை. அது தீர்ந்தால் கோளின் வாழ்நாளும் தீரும். எனவே, கோளை இரவல் தரும் நாடு அதன் ஆயுளின் ஒரு பகுதியையே தருகிறது எனலாம். மாட்டை இரவல் தந்தவர் மாலையில் அதனைத் திரும்பப் பெறுவார். செலவான எரிபொருளை எவரும் திருப்பித் தர இயலாது.

நெருக்கடி நேர்ந்தபின் பேசி முடிவு செய்வதைக் காட்டிலும் முன்னரே உறுதி செய்துகொள்வது நலமன்றோ? 1993-இல் ஐரோப்பாவும் அமெரிக்காவும், ஒருவர் கோள் பழுதுபட்டால் மற்றவர் உதவுவதென உடன்படிக்கை செய்துகொண்டன. இந்தியப் பெருங்கடலும் இவ்வொத்துழைப்பால் நலம் பெற்றது. இந்தியா தன் இன்சாட் வரிசைக் கோள்களால் அக்கடலைக் கண்காணித்து வர, ஐரோப்பாவும் 1998-இல் ஓர் ஆராய்ச்சிக்கெனத் தன் மெட்டியோசாட்-5 என்னும் கோளை அங்கு அனுப்பியது. ஆராய்ச்சி முடிந்த பின்னும் அதனை அங்கேயே நிறுத்தி, அதன்பின் வேறு கோள்களால் அப்பணியைத் தொடர்ந்தது.

இந்நாடுகள் வாணிகத்தில் போட்டியிட்டவை. அரசியலில் மாறுபட்டவையும் உண்டு. ஆயினும், காற்றுக்கும் மேகத்துக்கும் நாட்டெல்லை இல்லை என்பதை அவை உணர்ந்திருந்தன. அலைவரிசையிலும் படம் அனுப்பும் முறையிலும் அமைதிக் காலத்திலேயே உடன்பாடு கண்டிருந்தமையால், துன்பம் வந்தபோது ஒருவர் கோளை மற்றவர் எளிதில் பயன்படுத்த முடிந்தது. இன்று கொடுப்பவர் நாளை பெறுபவர் ஆகக்கூடும். இதனை அறிந்து தம் உடைமையைப் பிறர்க்கும் உதவச் செய்த நாடுகளால், புயலின் வழியில் வாழும் எண்ணற்ற மக்களுக்குக் காவல் தடைபடாது நின்றது.