ஏலக்காய் மூட்டையும் இரண்டு அளவுப் பாதைகளும்

சரக்குப் போக்குவரத்தில் நேரத்தையும் கூலியையும் பல நேரங்களில் அதிகம் விழுங்குவது ஓட்டமல்ல, வண்டி மாற்றும் இடம்தான். லாரியும் ரயிலும் ஒரே அளவுக்குப் பொருந்தாவிட்டால், ஒவ்வொரு சந்திப்பிலும் மூட்டைகளை இறக்கி ஏற்ற வேண்டியிருக்கும்.

போடி எனப்படும் போடிநாயக்கனூர் இதற்கு நல்ல சான்று. ஏலமலைத் தோட்டங்களில் உலர்த்திய ஏலக்காய், போடிமெட்டு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகள் வழியே இந்த ஏலச் சந்தைக்கு இறங்குகிறது. 1928இல் மதுரையிலிருந்து இங்கு வந்த ரயில் பாதையின் அகலம் 1,000 மில்லிமீட்டர். நாட்டின் முதன்மைப் பாதைகள் 1,676 மில்லிமீட்டர் அகலம் கொண்டவை. மீட்டர் பாதைப் பெட்டி அகலப்பாதையில் ஓடாது. சரக்கை வேறு பெட்டிக்கு மாற்றியே தீர வேண்டும். பாதையை அகலமாக்க 2011 தொடக்கத்தில் ரயில் நிறுத்தப்பட்டது. 2023 ஜூனில்தான் மீண்டும் போடிக்கு வந்தது.

தண்டவாளம் ஒன்றானால் மட்டும் போதாது. 20 அடி, 40 அடிக் கன்டெய்னர்கள் உலகெங்கும் ஒரே அளவில் இருப்பதால், பூட்டிய பெட்டி லாரியிலிருந்து ரயிலுக்கும் கப்பலுக்கும் அப்படியே மாறுகிறது. அச்சுச்சுமை வரம்பு, பாலத்தின் தாங்குதிறன், சரக்கு ஆவணம் ஆகியவையும் அவ்வாறே இசைய வேண்டும். போடியில் பயணிகளுக்குத் திறந்த அகலப்பாதை, மலைச் சரக்குக்கும் முழுமையாகப் பயன்பட வேண்டும்.