நாசில் கரியும் பாட்டில் மருந்தும்

உரக்கடையில் "இதை ஊத்துங்க, மகசூல் அள்ளும்" என்று கலர் பாட்டிலைக் காட்டுவார்கள். அதே பேச்சு இப்போது டீசலுக்கும் வந்துவிட்டது. ஒரு பாட்டில் ஊற்றினால் டிராக்டர் புதுசு மாதிரி ஓடுமாம். வங்கியில் கடன் மனுக்களைத் துருவிப் படித்துப் பழகியவன் நான். இதையும் கொஞ்சம் துருவிப் பார்ப்போம்.

இன்ஜெக்டர் நாசிலின் துளை ஊசிமுனை அளவுதான். பழைய டிராக்டர்களில் சுமார் 200 பார் அழுத்தத்தில் டீசல் பனிமாதிரி பீய்ச்சும். காமன் ரெயில் வண்டிகளில் அது 1000 பாருக்கும் மேல். இன்ஜினை நிறுத்தியதும் நாசில் முனையில் மிச்சமிருக்கும் டீசல் சூட்டில் கருகி ஒட்டும். வேலையில்லாமல் ஐடிலில் உறுமவிட்டாலும் கரி சேரும். பிறகென்ன? கரும்புகை, இழுவைக் குறைவு, டீசல் செலவு.

கணக்குப் போடுவோம். மணிக்கு 4 லிட்டர், வருஷத்துக்கு 400 மணி நேரம் என்றால் 1600 லிட்டர். பத்து சதவீதம் கூடுதலாகக் குடித்தாலே 160 லிட்டர் புகையாகப் போகிறது.

பாட்டில் மருந்து முழுப் பொய்யில்லை. டிடர்ஜென்ட் வகை சேர்மானம் சோப்பு போலத்தான்: ஒரு முனை கரியைப் பிடிக்கும், மறுமுனை டீசலோடு சேர்ந்துகொள்ளும். லேசான படிவு கழன்றுவிடும். ஆனால் தேய்ந்த நாசிலையும் தளர்ந்த ஸ்பிரிங்கையும் அது சரிசெய்யாது. அதற்குப் பம்ப் கடையில் டெஸ்ட் பார்ப்பதுதான் வழி. ஊற்றுவதானால் லேபிளில் உள்ள அளவுதான். கூட ஊற்றினால் கூடப் பலன் இல்லை.

நம்மாட்கள் சிலர் புங்கன் எண்ணெயை அப்படியே டீசலில் கலக்கலாமா என்று கேட்கிறார்கள். 1900 பாரிஸ் கண்காட்சியில் கடலை எண்ணெயில் டீசல் இன்ஜின் ஓடியது உண்மைதான். ஆனாலும் பச்சை எண்ணெய் டீசலைவிடச் சுமார் பத்து மடங்கு கெட்டி. சரியாகத் தூவாது; நாசிலில் கரி கட்டும். கிளிசரின் பிரித்துப் பயோடீசலாக்கிய பிறகுதான் அது எரிபொருள். இயற்கைப் பொருள் என்பதற்காக இன்ஜின் இரக்கம் காட்டாது!

செலவில்லாத வைத்தியம் நம் கையிலேயே இருக்கிறது. சாயங்காலமே டேங்க்கை நிரப்புங்கள். ராத்திரி குளிரில் உள்ளே நீர் கோர்க்காது. ஃபில்டர் கிண்ணத்தில் தேங்கும் தண்ணீரை வடியுங்கள். ஜி.ஐ. கேனில் டீசல் வைக்காதீர்கள்; அந்தத் துத்தநாகம் கரைந்துபோய் நாசிலில் படியும். ஃபில்டரை மேனுவலில் சொன்ன மணிக்கணக்கில் மாற்றுங்கள்.

மண்ணுக்குச் சொல்வதுதான் இன்ஜினுக்கும்: நோய் வராமல் பார்த்துக்கொண்டால், மருந்துக்கு அலைய வேண்டாம். நடவு நேரத்தில் வண்டி வரப்பில் நின்றுவிட்டால், எந்தப் பாட்டிலும் அந்த ஈரத்தைத் திருப்பித் தராது.