பார்வை செல்லும் பாதை – 7: காயங்கள் வரைந்த படம்

சென்ற வாரம், ஒளியானது விழித்திரையை அடைந்து, அங்குள்ள ஏறத்தாழ 10 கோடி ஒளியுணர் செல்களைத் தூண்ட, அத்தனை செல்களின் செய்தியும் சுமார் 10 லட்சம் நரம்பிழைகளுக்குள் சுருங்கி, பார்வை நரம்பாகத் திரண்டு கண்ணைவிட்டு வெளிக்கிளம்பும் வரையில் வந்து நின்றோம். அந்த நரம்பு அப்பால் எங்கே போகிறது, வழியில் எங்கே தங்குகிறது, போய்ச் சேருமிடத்தில் அதன் செய்தி எவ்விதம் பதிவாகிறது என்பவை இவ்வாரத்து விஷயம். இவற்றுள் கடைசிக் கேள்விக்கு விடை கிடைத்த விதத்தை எண்ணும்போதெல்லாம் என் மனம் கனத்துப் போகிறது. அந்த விடையைத் தந்தவை, போர்க்களத்திலிருந்து தூக்கி வரப்பட்ட இளைஞர்களின் தலைக் காயங்கள்.

முதலில் பாதையைப் பார்த்துவிடுவோம். இரு கண்களின் நரம்புகளும் மூளையின் அடிப்புறத்தில், பிட்யூட்டரி சுரப்பிக்குச் சற்று மேலே, ஒன்றையொன்று சந்திக்கின்றன. அந்தச் சந்தியில், ஒவ்வொரு விழித்திரையிலும் மூக்குப் பக்கத்துப் பாதியிலிருந்து வரும் இழைகள் மறுபக்கத்துக்குத் தாண்டிச் செல்ல, நெற்றிப்பொட்டுப் பக்கத்துப் பாதியின் இழைகள் தம் பக்கத்திலேயே தொடர்ந்து செல்கின்றன. இதன் பயனாக, நமக்கு முன்னே விரிந்திருக்கும் உலகத்தின் இடப்பாதி, எந்தக் கண்ணால் பார்த்தாலும் சரி, வலப்பக்க மூளைக்கும், வலப்பாதி இடப்பக்க மூளைக்கும் போய்ச் சேருகிறது. சந்திக்கு முன்னால் நரம்பு அறுந்தால் ஒரு கண் இருண்டுபோகும். சந்திக்குப் பின்னால் அறுந்தாலோ இரண்டு கண்களும் திறந்திருக்க, இரண்டிலும் பாதி உலகம் மறைந்துபோகும். இப்படிப் பாதி இழைகள் தாண்டவேண்டும், பாதி தாண்டலாகாது என்பதை 1704-ல் வெளியான ஒளியியல் நூலிலேயே நியூட்டன் யூகித்து எழுதிவிட்டார் என்பது, அம்மகானின் கூர்மதிக்கு ஒரு சான்று.

சந்தியைக் கடந்த இழைகளில் மிகப் பெரும்பான்மையானவை, மூளையின் நடுவே உள்ள தாலமஸ் என்னும் பகுதியின் புறவோரத்தில் ஒரு சிறு நரம்பு முடிச்சில் போய் முடிகின்றன. அங்கே ஆறு அடுக்குகள் உண்டு. ஒன்று, நான்கு, ஆறு ஆகிய அடுக்குகள் எதிர்ப்பக்கத்துக் கண்ணின் செய்தியையும், இரண்டு, மூன்று, ஐந்து ஆகியவை தம் பக்கத்துக் கண்ணின் செய்தியையும் பெறுகின்றன. இரு கண்களின் செய்திகளும் அண்டை அயலில் வாழ்ந்தும் அங்கே கலப்பதில்லை. நெடுங்காலம் இம்முடிச்சை வெறும் அஞ்சல் நிலையமாகவே கருதி வந்தார்கள். ஆனால் அங்கிருந்து மேலே செய்தி அனுப்பும் ஒரு செல்லின்மேல் வந்து தொடும் நரம்பு முனைகளை எண்ணிப் பார்த்தால், கண்ணிலிருந்து வருபவை பத்தில் ஒரு பங்கு அளவே. மற்றவற்றில் பெரும்பாலானவை மூளையின் வேறு பிரதேசங்களிலிருந்து, முக்கியமாகச் செய்தியைப் பெறவேண்டிய மூளைப் புறணியிலிருந்தே, திரும்பி வருபவை. எதை அனுப்பலாம், எதை நிறுத்தலாம், எதற்கு வலிவூட்டலாம் என்று மேலிருந்து கட்டளை வந்தவண்ணம் இருக்கிறது. விழிப்பிலும் உறக்கத்திலும், கவனத்திலும் கவனக் குறைவிலும் இந்த முடிச்சு ஒரே விதமாக வேலை செய்வதில்லை.

இங்கிருந்து புறப்படும் இழைகள் விசிறிபோல் விரிந்து, தலையின் பின்புறத்தில், பிடரிக்கு மேலே உள்ள மூளை மடலை அடைகின்றன. அம்மடலின் உட்பக்கத்தில், இரண்டு மூளை அரைக்கோளங்களும் ஒன்றையொன்று நோக்கி நிற்கும் முகத்தில், கால்கரைன் பிளவு எனப்படும் ஆழ்ந்த மடிப்பு ஒன்று உண்டு. இத்தாலியில் பார்மா நகரத்து மருத்துவ மாணவர் பிரான்செஸ்கோ ஜென்னாரி, 1776-ஆம் ஆண்டில், பனிக்கட்டியில் உறையவைத்த மூளையை அறுத்துப் பார்க்கையில், இப்பகுதியின் சாம்பல் நிறப் புறணிக்குள் மெல்லிய வெண்கோடு ஒன்று ஓடுவதைக் கண்டு, 1782-ல் அதை நூலில் பதிவு செய்தார். அந்தக் கோடு எதற்காக என்று அவருக்குத் தெரியாது. பார்வைச் செய்தி வந்திறங்கும் துறை அதுவே என்பது தெளிவாவதற்கு ஒரு நூற்றாண்டு கழிந்தது. அதன் பின்னும், அந்தத் துறைக்குள் உலகம் எவ்வாறு பரப்பி வைக்கப்பட்டிருக்கிறது, மேல் எது, கீழ் எது, நடு எது, ஓரம் எது என்ற கேள்வி நின்றுகொண்டேயிருந்தது.

1904-ல் ருஷ்யாவுக்கும் ஜப்பானுக்கும் யுத்தம் மூண்டது. ருஷ்யப் படையினர் கையிலிருந்த மோசின்-நாகாந்த் துப்பாக்கியின் குண்டு 7.62 மில்லிமீட்டர் விட்டமுள்ளது. பழைய காலத்துப் பருத்த ஈயக் குண்டு மண்டையைச் சிதறடித்துவிடும். இந்தப் புதுக் குண்டோ உலோக உறை போர்த்து, அதிவேகமாக வந்து, ஒரு பக்கம் சிறு துளையிட்டு நுழைந்து மறுபக்கம் சிறு துளையிட்டு வெளியேறிவிடும். ஆகவே முந்திய யுத்தங்களில் அந்த இடத்திலேயே மாண்டிருக்கக்கூடிய பலர் இந்த யுத்தத்தில் உயிர் தப்பினார்கள். தப்பியவர்களுள் சிலர், கண்ணுக்கு எவ்விதச் சேதமும் இல்லாமலிருந்தும், பார்வையில் ஒரு பகுதியை இழந்திருந்தார்கள். இவர்களுக்கு உபகாரச் சம்பளம் நிர்ணயிக்கவேண்டுமானால், ஒவ்வொருவரும் எவ்வளவு பார்வையை இழந்திருக்கிறார் என்று அளந்தாகவேண்டும். அந்தப் பணி தாட்சுஜி இனொயே என்ற இளம் கண் வைத்தியரிடம் வந்தது.

அளக்கும் முறையைச் சற்றுக் கிட்ட நின்று பார்ப்போம். சிப்பாய் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, முகவாயைத் தாங்கியின்மேல் வைத்து, அரைவட்ட வளைவு ஒன்றின் நடுப்புள்ளியையே இமைக்காமல் நோக்கவேண்டும். வைத்தியர் ஒரு சிறு வெள்ளைப் பொட்டை வளைவின் விளிம்பிலிருந்து மெல்ல மெல்ல நடுவை நோக்கி நகர்த்திக்கொண்டு வருவார். "தெரிகிறது" என்று சிப்பாய் சொன்னவுடன் அந்த இடத்தின் பாகையைத் தாளில் குறித்துக்கொள்வார். மறைந்துவிட்டது என்றால் அதையும் குறிப்பார். வளைவைச் சற்றே திருப்பி மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். இப்படி எல்லாத் திசைகளிலும் செய்து, குறிகளைக் கோட்டால் இணைத்தால், அந்த மனிதனுக்கு உலகத்தில் எந்தத் துண்டு இல்லாமல் போயிற்றோ அதன் உருவம் தாளில் வந்து நிற்கும். மற்றொரு கண்ணுக்கும் இதே சோதனை. தலையில் கட்டுப் போட்டு, களைத்துப் போயிருக்கும் ஒருவனிடம் இவ்வளவையும் பொறுமையோடு நடத்தி முடிப்பது சாமானியமான காரியம் அன்று.

சம்பளக் கணக்குக்கு இந்தப் படம் ஒன்றே போதும். இனொயே அதோடு நில்லாமல், குண்டு நுழைந்த துளையையும் வெளியேறிய துளையையும் மண்டையோட்டின்மேல் துல்லியமாக அளப்பதற்கென்றே ஒரு கருவியை அமைத்துக்கொண்டார். இரு துளைகளுக்கும் இடையே குண்டு நேர்கோட்டில் சென்றிருக்கும் என்று கொண்டால், அந்தக் கோடு மூளையின் எந்தெந்தப் பாகத்தைத் துளைத்தது என்று கணக்கிட்டுவிடலாம். துளைத்த பாகத்தையும் மறைந்த பார்வையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இது இதற்குரிய இடம் என்று சொல்லிவிடலாம். 29 பேரைப் பரீட்சித்து அவர் கண்ட முடிவுகள் 1909-ல் ஜெர்மன் மொழியில் நூலாக லீப்சிக் நகரில் வெளியாயின. அதிகாரிகள் கேட்டது ஓர் எண். அதற்கு மேல் ஒரு படி சிந்தித்த அந்த மனிதரின் பெயர் நம் பாடப் புத்தகங்களில் இடம்பெறாதது எனக்குக் குறையாகவே படுகிறது.

அவர் வரைந்த படத்தில் உலகம் தலைகீழாக இருக்கிறது. பார்வைப் புலத்தின் கீழ்ப்பாதி கால்கரைன் பிளவின் மேற்கரையிலும், மேற்பாதி கீழ்க்கரையிலும் பதிகின்றன. நேரே நோக்கும் மையப் பார்வை, மடலின் பின்கோடியில், ஏறக்குறைய பின்னந்தலை எலும்பை ஒட்டி அமைகிறது. விளிம்புப் பார்வை மடிப்பின் உள்ளே, முன்புறத்தில் அமைகிறது. எல்லாவற்றையும்விட ஆச்சரியமானது, இடம் ஒதுக்கியிருக்கும் விகிதம். நீங்கள் கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்திப் பார்த்தால், அந்த நகத்தின் அகலம் பார்வைப் புலத்தில் ஏறக்குறைய இரண்டு பாகைதான். எழுத்தைப் படிப்பதும் ஊசியில் நூல் கோப்பதும் முகத்தை அடையாளம் காண்பதும் அவ்வளவு சிறிய வட்டத்துக்குள்ளேதான் நடக்கின்றன. இந்த வரியில் ஒரு சொல்லின்மேல் கண்ணை நிறுத்தி, கண்ணை அசைக்காமல், ஐந்தாறு சொற்களுக்கு அப்பாலுள்ளதைப் படிக்க முயன்று பாருங்கள். ஏதோ எழுத்து இருக்கிறது என்பது தெரியுமே தவிர என்ன எழுத்து என்பது தெரியாது. ஒரு ஜில்லாவின் தேசப்படத்தில் தலைநகருக்கே தாளின் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டு, மற்ற தாலுகாக்களையெல்லாம் ஓரத்தில் நெருக்கி வரைந்தாற்போல, மூளை இந்தச் சிறு வட்டத்துக்குத் தன் பார்வைப் பிரதேசத்தில் மிகப் பெரிய பங்கைக் கொடுத்துவிட்டிருக்கிறது. பரப்பைக் கருதாமல் பயனைக் கருதிச் செய்த பங்கீடு இது.

பத்தாண்டு கழியுமுன் ஐரோப்பாவில் மகா யுத்தம் வந்தது. கிட்டப்பார்வை உடையவர் என்று ராணுவம் முதலில் நிராகரித்த கார்டன் ஹோம்ஸ் என்ற அயர்லாந்து வைத்தியர், எப்படியும் சேவை செய்வதென்று பிரான்சுக்குப் போய், பூலோன் துறைமுகத்திலிருந்த ராணுவ ஆஸ்பத்திரியில் தலைக்காயம் பட்டவர்களை நூற்றுக்கணக்கில் பரிசோதித்தார். அகழிகளில் பதுங்கியிருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களின் இரும்புத் தொப்பி தட்டைப்போல் அகன்று ஆழமின்றி இருந்தது. உச்சியை மறைத்ததே அல்லாமல் பிடரிப் பக்கம் இறங்கி வரவில்லை. வெடித்துச் சிதறிய துணுக்குகள் அங்கேதான் பாய்ந்தன. வில்லியம் லிஸ்டர் என்ற கண் வைத்தியரோடு சேர்ந்து 1916-லும், பின்னர் தனியே 1918-லும் ஹோம்ஸ் வெளியிட்ட ஆய்வுகள், இனொயே கண்டதைப் பெரும்பாலும் உறுதிசெய்து, அப்படத்தை வைத்திய உலகம் முழுவதும் பரவச் செய்தன.

அந்தக் காயங்களில் ஒரு விசேஷம் இருந்தது. கீழ்ப்பார்வையை இழந்தவர்கள், அதாவது நடக்கும்போது தம் பாதங்களையும் முன்னாலுள்ள படிகளையும் காணாமல் தடுமாறியவர்கள், பலர் இருந்தார்கள். மேற்பார்வையை மட்டும் இழந்தவர்களோ அரியர். பிளவின் மேற்கரையைத் தாக்கிய துணுக்கு ஆளை உயிரோடு விட்டது. கீழ்க்கரையைத் தாக்கியதோ அதற்கும் கீழே உள்ள சிறுமூளையையும், மூளைத்தண்டையும், பெரிய இரத்தக் குழாய்களையும் சேர்த்தே தாக்கியது. மேலுலகம் மறைந்திருக்கக்கூடியவர்கள் ஆஸ்பத்திரி வாசலையே எட்டவில்லை. அந்தப் படத்தின் ஒரு பாதிக்குச் சாட்சிகள் குறைவாக இருந்ததற்கு இதுதான் காரணம். பாடப் புத்தகத்தில் அப்படத்தைக் காணும் மாணவன் இதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளவேண்டும் என்பது என் ஆசை.

ஹோம்ஸின் படம் எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆட்சி புரிந்தது. 1991-ல் ஹோர்ட்டன், ஹாய்ட் என்ற இரு அமெரிக்க வைத்தியர்கள், காந்த அதிர்வுப் படங்களைத் துணையாகக் கொண்டு அதைச் சரிபார்த்து, மையப் பார்வைக்கு ஹோம்ஸ் கொடுத்த இடமும் போதாது என்று காட்டினார்கள். மையத்தைச் சூழ்ந்த பத்துப் பாகைகளே அப்புறணியின் பரப்பில் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்கின்றன என்பது அவர்கள் கணிப்பு.

ஹோம்ஸ் வேறு ஒரு விஷயத்தில் இணங்க மறுத்தார்; அதில் நியாயம் அவர் பக்கம் இல்லை என்பது பின்னால் தெரிந்தது. அதே யுத்தத்தில் காயமுற்றவர்களைப் பரிசோதித்த ஜார்ஜ் ரிடோக் என்ற வைத்தியர், 1917-ல் ஒரு விசித்திரமான செய்தியை வெளியிட்டார். பார்வைப் புலத்தின் குருட்டுப் பகுதியில் ஒரு பொருளை அசையாமல் வைத்தால் சிலருக்கு ஒன்றுமே தெரியவில்லை. அதையே அசைத்தால் ஏதோ அசைகிறது என்று சொல்லிவிடுகிறார்கள். அது என்ன பொருள், என்ன வடிவம், என்ன நிறம் என்று கேட்டால் விடை இல்லை. அசைவு மட்டும் தெரிகிறது. பொருளின்றி அசைவு மட்டும் தெரிவதாவது என்று ஹோம்ஸ் இதை ஒப்புக்கொள்ளவில்லை. அவருடைய செல்வாக்கு பெரிது. ரிடோக்கின் சிப்பாய்கள் சொன்னதை நெடுங்காலம் யாரும் பொருட்படுத்தவில்லை.

1970-களில், ஹோம்ஸ் பல்லாண்டு பணியாற்றிய லண்டன் குவீன் ஸ்கொயர் நரம்பு மருத்துவமனையிலேயே, வலப்பக்கப் பிடரி மடலில் பின்னிக் கிடந்த இரத்தக் குழாய்த் திரளை ரண சிகிச்சையால் அகற்றிக்கொண்ட ஒருவர், இடப்பாதி உலகத்தை இழந்திருந்தார். லாரன்ஸ் வைஸ்கிரான்ஸ் என்ற உளவியல் அறிஞரும் அவருடைய சகாக்களும் 1974-ல் வெளியிட்ட ஆய்வில் அவரைப் பற்றிய விவரம் வருகிறது. இருண்ட பகுதியில் ஒரு விளக்கொளியைக் காட்டி, எங்கே என்று சுட்டும்படி கேட்டால், ஒன்றும் தெரியவில்லையே என்பார். சும்மா யூகித்துச் சுட்டுங்கள் என்றால், விரல் ஒளியிருந்த இடத்துக்கே பெரும்பாலும் போகும். கோடு நிமிர்ந்து நிற்கிறதா, படுத்திருக்கிறதா என்று கேட்டாலும் அப்படியே. முடிவுகளைக் காட்டியபோது அவரே திகைத்துப் போனார். தாம் கண்மூடித்தனமாக யூகித்ததாகவே அவர் நம்பியிருந்தார்.

அவர் மூளையில் பெரும்பாதை முடியும் துறை சிதைந்திருந்தது. ஆனால் கண்ணிலிருந்து வரும் இழைகள் அனைத்தும் அந்த ஆறடுக்கு முடிச்சுக்குப் போவதில்லை. ஒரு சிறு பகுதி முன்னதாகவே விலகி, நடுமூளையின் கூரையில் உள்ள ஒரு மேட்டை அடைகிறது. அங்கிருந்து தாலமஸின் வேறொரு பாகத்தின் வழியாக, கால்கரைன் பிளவைத் தொடாமலே, அசைவை அறியும் புறணிப் பகுதிக்குச் செய்தி போகிறது. பரிணாமத்தில் இந்தப் பாதையே மூத்தது. தவளைக்கும் மீனுக்கும் இதுவே ராஜபாட்டை. இவ்வழியே வரும் செய்தி கையை நகர்த்தும், கண்ணைத் திருப்பும். நான் காண்கிறேன் என்ற பிரக்ஞையை மட்டும் அது எழுப்புவதில்லை. ரிடோக்கின் சிப்பாய்கள் சொன்னது உண்மையென்று அறிவியல் ஏற்றுக்கொள்ள அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

(தொடரும்)