கடைவீதியை யார் காப்பது?

மல்லாங்கிணறு பக்கத்து மளிகைக் கடைக்காரர் ஒருவர் இருபது வருஷத்துக்கு மேலாக எங்களிடம் சரக்கு எடுத்து வந்தவர். பருப்பு, வத்தல், மல்லி, எண்ணெய் எல்லாம் நம் கடைதான். நான்கு மாதமாக ஆளைக் காணோம். பாக்கி கிடையாது, கணக்கு சுத்தம். போன மாசியில் பைபாஸ் ரோட்டு டீக்கடையில் தற்செயலாகப் பார்த்தபோது, "ஏன் தம்பி வரவில்லை, சரக்கில் ஏதும் குறையா?" என்று கேட்டோம். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்:

"சரக்குல குறை ஒண்ணுமில்ல அண்ணாச்சி. பஜாருக்குள்ள வந்தா குட்டியானைய எங்க நிப்பாட்ட? ரெண்டு சுத்து சுத்திட்டு, போலீஸ்காரர்ட்ட ஏச்சும் வாங்கிட்டு, இப்ப பைபாஸ் பக்கமே எடுத்துக்கிடுதேன். விலை கூடத்தான். ஆனா வாசல்லயே வண்டிய நிப்பாட்டலாம்."

விலையில் தோற்றிருந்தால் தூக்கம் கெட்டிருக்காது. வியாபாரத்தில் அது சகஜம். விலையும் தரமும் நம் பக்கம் இருந்தும், வண்டி நிறுத்த இடமில்லாமல் ஒரு வாடிக்கையை இழந்திருக்கிறோம். அவர் ஒருவர் சொன்னார். சொல்லாமல் போனவர்கள் எத்தனை பேரோ!

சூப்பர் மார்க்கெட்டைப் பற்றியும், ஆன்லைன் வியாபாரத்தைப் பற்றியும், 2017ல் வந்த ஜி.எஸ்.டி. பற்றியும் நம் சங்கக் கூட்டங்களில் பேசாத பேச்சில்லை. அவையெல்லாம் நியாயமான குறைகள்தாம். ஆனால் நம் காலடியில் கிடக்கும் வீதியைப் பற்றி நாம் பேசியது குறைவு. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

நம் விருதுநகர் எப்பேர்ப்பட்ட ஊர் என்பதை வணிகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1923ல் விருதுப்பட்டி என்ற பெயர் மாறி விருதுநகர் ஆனது. அதற்கு முன்பே, 1870களில் மதுரை - தூத்துக்குடி ரயில் பாதை வந்ததிலிருந்து, சரக்கு வந்து இறங்கி ஏறும் ஊராகிவிட்டது. சுற்றிலும் கரிசல் காடு. மழை பெய்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஏலக்காய்ச் செடியோ காப்பிச் செடியோ ஒன்றுகூட இங்கே முளைத்ததில்லை. அப்படியிருந்தும் ஏலக்காய்க்கும் காப்பிக்கும் இங்கே மண்டி இருந்தது. விருதுநகர் மார்க்கெட் நிலவரம் என்று பத்திரிகையில் போடுவதைப் பார்த்துத்தான் வெளியூர்க் கடைக்காரர்கள் பருப்புக்கும் எண்ணெய்க்கும் விலை வைத்தார்கள். தெப்பக்குளமும் மெயின் பஜாரும் சேர்ந்ததுதான் ஊர் என்றிருந்தது.

பிறகு ஊர் வெளியே நகர ஆரம்பித்தது. 1985ல் தனி மாவட்டம் பிரிந்தது. ஆட்சியர் அலுவலகம் ஊருக்கு வெளியே அமைந்தது. நான்கு வழிச்சாலை வந்தது. அலுவலகம் போகிற பக்கம் ஜனம் போகும், ஜனம் போகிற பக்கம் கடை போகும். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பஜாருக்குள் மிச்சமிருக்கும் கடைகளின் நிலை என்ன? மாடிகள் காலியாகக் கிடக்கின்றன. வாரிசுப் பாகம் பிரியாமல் பூட்டிக் கிடக்கும் கடைகள் சில. முகப்புக் கடையையே குடோனாக்கிப் பகலெல்லாம் ஷட்டரை இறக்கி வைத்திருப்பவை சில. இந்தக் கடைசி ரகத்தில் மொத்த வியாபாரிகளாகிய நாமே குற்றவாளிகள். நான்கு ஷட்டர் சேர்ந்தாற்போல் மூடியிருந்தால், அதைத் தாண்டி ஐந்தாவது கடைக்கு நடந்து வர யாருக்கும் மனம் வராது.

வண்டி விஷயத்துக்கு வருவோம். மல்லாங்கிணற்றுக்காரர் சொன்னதைக் கேட்டபின், ஒரு நாள் காலை பத்து மணிக்குக் கல்லாவை விட்டு எழுந்து வீதியில் ஒரு நடை நடந்து பார்த்தோம். கடை வாசல்களில் நின்ற இரு சக்கர வண்டிகளில் பாதிக்கு மேல் வாங்க வந்தவர்களுடையவை அல்ல. முதலாளி, முதலாளி மகன், கணக்குப்பிள்ளை, கடைப் பையன்கள், இவர்களுடையவை. காலையில் நிறுத்தினால் இரவு கடை சாத்தும்போதுதான் எடுக்கிறார்கள். வாங்க வருகிறவருக்கு வேண்டியது கால் மணி நேரத்துக்கான இடம். அந்த இடத்தைப் பன்னிரண்டு மணி நேரம் நாமே அடைத்துக்கொண்டு, "பஜாரில் கூட்டமே இல்லை" என்று அலுத்துக்கொள்கிறோம்.

உடனே பக்கத்துக் கடைக்காரர்கள் பதினான்கு பேரைச் சேர்த்தோம். பின்தெருவில் ஒரு காலி மனையை வாடகைக்குப் பேசி, நம் வண்டிகளை அங்கே விடுவது, ஒரு காவலாள் போடுவது, லாரியில் சரக்கு இறக்குவதைக் காலை எட்டு மணிக்குள் முடிப்பது என்று ஏற்பாடு. செலவைச் சமமாகப் பிரித்தோம். முதல் மாதம் வீதி பளிச்சென்று இருந்தது. இரண்டாவது மாதம் மூன்று பேர், "அப்புறம் தருகிறேன்" என்றார்கள். மூன்றாவது மாதம் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். பணம் கொடுக்காதவர் வாசலிலும் வாடிக்கைக்காரர் வண்டி நிற்கத்தான் செய்கிறது. பிறகு கொடுத்தவருக்கு மட்டும் என்ன பைத்தியமா? திட்டம் அதோடு படுத்துவிட்டது.

இந்த அனுபவம் நமக்கு மட்டும் உரியதல்ல என்பது பிறகுதான் தெரிந்தது. கனடா நாட்டில் டொராண்டோ நகரின் மேற்கே ப்ளூர் வெஸ்ட் வில்லேஜ் என்று ஒரு கடைவீதி. டொராண்டோ பெரிய நகரம்தான். ஆனால் அந்த வீதி நம் பஜார் மாதிரி சின்னச் சின்னக் கடைகளால் ஆனது. ஒரு காலத்தில் வீதியின் நடுவே டிராம் ஓடியது. டிராமில் போகிறவர் கடையைப் பார்ப்பார், இறங்குவார், வாங்குவார். 1968ல் சுரங்க ரயில் அந்தப் பகுதிக்கு வந்தது. ஜனம் பூமிக்கடியில் போக ஆரம்பித்தது. அதற்குச் சில வருஷம் முன்னே, 1964ல், ஏராளமான கார் நிறுத்துமிடத்தோடு யார்க்டேல் என்ற பெரிய வணிக வளாகமும் நகரின் வடக்கே திறந்தாகிவிட்டது. நமக்குப் பைபாஸ் மாதிரி அவர்களுக்குச் சுரங்க ரயில்.

அங்கும் வியாபாரிகள் சங்கம் இருந்தது, சந்தாவும் இருந்தது, கொடுக்கிறவர் சிலர், கொடுக்காமலே பலன் அடைகிறவர் பலர் என்ற நம் கதையும் இருந்தது. ஆகவே அவர்கள் அரசாங்கத்திடம் வினோதமான ஒரு கோரிக்கை வைத்தார்கள். வணிகர்கள் வரியைக் குறைக்கக் கேட்பதுதான் உலக வழக்கம். இவர்களோ, "எங்கள் வீதிக்கு மட்டும் ஒரு கூடுதல் வரி போடுங்கள், எல்லைக்குள் இருக்கும் அத்தனை கடைக்கும் போடுங்கள், வசூலித்து அந்தப் பணத்தை எங்கள் வீதியிலேயே செலவு செய்ய எங்களிடம் கொடுங்கள்" என்றார்கள். அதற்கு இடம் தரும் சட்டம் வந்து, 1970ல் அந்த வீதி உலகத்தின் முதல் வணிக மேம்பாட்டுப் பகுதி ஆனது. விளக்கு, பெஞ்சு, பூந்தொட்டி, விழாக்கால அலங்காரம் என்று சின்ன வேலைகளில்தான் ஆரம்பித்தார்கள். நிர்வாகக் குழுவில் இருந்தவர்கள் அந்த வீதிக் கடைக்காரர்களே. இன்று டொராண்டோவில் மட்டும் இப்படிப்பட்ட பகுதிகள் 80க்கு மேல் இருக்கின்றன.

படித்ததும் நமக்குச் சிரிப்புத்தான் வந்தது. இது நம் மகமை அல்லவா!

இளம் வணிகர்களுக்காகச் சொல்கிறோம். விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை, திருமங்கலம் முதலிய ஊர்களின் நாடார் உறவின்முறைகளில், விற்கிற வாங்குகிற சரக்குக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையைப் பொதுவுக்கு ஒதுக்கும் வழக்கம் இருந்தது. நகரத்தார் முதலான மற்ற வணிக சமூகங்களிலும் மகமை உண்டு. பேட்டையில் வண்டிகளுக்குக் காவல், மாட்டுக்கும் மனிதனுக்கும் தண்ணீர், தங்க இடம் என்று அது வியாபாரத் தேவையில்தான் தொடங்கியது. கோயிலும் பள்ளிக்கூடமும் பிறகு வந்தன. காமராஜர் படித்த சத்திரிய வித்தியாசாலை மகமையிலும், வீட்டுக்கு வீடு எடுத்த பிடி அரிசியிலும் வளர்ந்தது என்பது ஊரறிந்த செய்தி. அந்த நாளில் மகமை கொடுக்காமல் ஒருவர் பஜாரில் கடை நடத்திவிட முடியாது. சட்டம் எதுவும் இல்லை, ஊர்க்கட்டு இருந்தது. கொடுக்காதவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு யார் வருவார்கள்?

அந்தக் கட்டு தளர்ந்ததைப் பற்றி நாம் ரொம்ப வருத்தப்படுவதற்கில்லை. அதில் சாதி இருந்தது, வேற்றூர்க்காரருக்கு இடமில்லை. இன்றைக்கு நம் பஜாரில் எல்லாச் சமூகத்தாரும், ராஜஸ்தானத்திலிருந்து வந்தவர்களும் கடை வைத்திருக்கிறார்கள். ஆகவே மகமை மறுபடி வருமானால் அது வீதி மகமையாகத்தான் வர வேண்டும். இந்த வீதியில் ஷட்டர் தூக்குகிற எவரும் கொடுக்க வேண்டும். கொடுக்கிற எவருக்கும் கணக்குக் கேட்க உரிமை வேண்டும்.

எதை வைத்து வசூலிப்பது என்பதில்தான் சிக்கல். மூட்டைக்கு இவ்வளவு என்றால் மொத்த வியாபாரி நொடித்துப் போவார். துவரம்பருப்பு மூட்டையில் நமக்கு நிற்கும் லாபம் என்ன என்பதும், நகைக்கடையிலோ ஜவுளிக்கடையிலோ ஒரு பில்லில் நிற்பது என்ன என்பதும் தெரிந்த விஷயம். விற்றுமுதலை வைத்து என்றால், சங்கக் கூட்டத்தில் எழுந்து தன் விற்றுமுதலை உண்மையாகச் சொல்லும் வணிகரை நாம் இன்னும் பார்த்ததில்லை. கனடாவில் சொத்து மதிப்பை வைத்துப் போடுகிறார்கள். இங்கே அப்படிப் போட்டால் கட்டட உரிமையாளர் வேறு, கடை நடத்துகிறவர் வேறு. பழைய வாடகையில் இருப்பவருக்கும் நேற்றுப் பகடி கொடுத்து வந்தவருக்கும் ஒரே கணக்கு ஆகாது. முகப்பு அளவுக்கு, அடிக்கு இவ்வளவு என்று வைத்தால் யாரும் மறைக்க முடியாது என்பது நமக்குத் தோன்றும் வழி. குடோனாக்கிப் பூட்டி வைத்த முகப்புக்கு இரண்டு மடங்கு போட வேண்டும். எங்களுக்கும் அப்படி ஒன்று உண்டு என்பதைச் சொல்லிவிட்டே இதை எழுதுகிறோம்.

வசூல் ஒரு பாதி. மறு பாதி, வேலையைப் பார்க்க ஆள். 1977ல் அமெரிக்காவில் கேல்ஸ்பர்க், மாடிசன், ஹாட் ஸ்பிரிங்ஸ் என்ற மூன்று சிறு ஊர்களில் பழைய கடைவீதிகளைத் தூக்கி நிறுத்த ஒரு சோதனை முயற்சி நடந்தது. அந்த முயற்சியில் நமக்கு முக்கியமாகப் படுவது ஒன்றுதான்: ஊருக்கு ஒரு முழுநேரச் சம்பள ஆளைப் போட்டார்கள். பெரிய வணிக வளாகத்துக்கு ஒரு மேனேஜர் இருக்கிறார். குப்பை எடுத்ததா, விளக்கு எரிகிறதா, எந்தக் கடை காலி, அதில் யாரைக் கொண்டு வரலாம் என்று பார்க்கிறார். இருநூறு கடை உள்ள நம் வீதிக்கு அப்படி ஒருவர் உண்டா? சங்கத் தலைவரும் செயலாளரும் தங்கள் கடையைப் பார்ப்பார்களா, வீதியைப் பார்ப்பார்களா?

அந்த ஊர்களில் இன்னொன்றும் செய்தார்கள். பழைய செங்கல் முகப்புகளை நவீனமாக்குகிறோம் என்று முன்பு அலுமினியத் தகடு போட்டு மறைத்திருந்தார்கள். அந்த மாதிரித் தகடுகளைக் கழற்றிப் பழைய அழகை வெளியே கொண்டு வந்தார்கள். நம் பஜாரில் பிளக்ஸ் போர்டுக்குப் பின்னால் சுண்ணாம்புக் காரை வேலைப்பாடு எத்தனை மறைந்து கிடக்கிறதென்று மாடி ஜன்னல் திறந்தால் தெரியும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. வீதி துலங்கினால் வாடகை ஏறும். வெளிநாடுகளில் இப்படி மேம்பட்ட பல வீதிகளில் பழைய சிறு கடைகள் வாடகை தாங்காமல் வெளியேறியிருக்கின்றன. நாம் வளர்த்த வீதியில் நம் பெட்டிக்கடைக்காரர் இல்லாமல் போனால் அதென்ன வளர்ச்சி? ஆகவே பணம் வசூலிக்கும் முன்பே கட்டட உரிமையாளர்களையும் உட்கார வைத்து, குறைந்தது ஐந்து வருஷத்துக்கு வாடகை ஏற்றம் இவ்வளவுக்கு மேல் இல்லை என்று எழுதி வாங்க வேண்டும். சிலர் கையெழுத்துப் போட மாட்டார்கள். போடுகிறவர்களை வைத்து ஆரம்பிக்கலாம்.

அரசாங்கம் சட்டம் போடுமா, நகராட்சி வசூலித்துத் தருமா என்பதெல்லாம் நம் பேரமைப்பு மேலே பேச வேண்டிய விஷயம். அதுவரை தெப்பக்குளத்து ஓரத்திலிருந்து எங்கள் வரிசை முடிய, ஒரு துண்டு வீதியில் மட்டும் மறுபடி தொடங்குவதென்று முடிவாகியிருக்கிறது. இந்த முறை சமப் பங்கு இல்லை, அடிக்கணக்கு. ஒரு வருஷத்துப் பணம் முன்கூட்டியே கொடுத்தால்தான் சேர்க்கை. வரவு செலவை மாதம் ஒரு முறை வீதியில் கரும்பலகையில் எழுதிப்போடுவது. பதினான்கு பேரில் பதினொரு பேர் திரும்ப வந்திருக்கிறார்கள். புதிதாக ஒரு மருந்துக்கடைக்காரரும் பாத்திரக்கடைக்காரரும் சேர்ந்திருக்கிறார்கள்.

போன வாரம் இளைஞர்கள் இருவர் டேப்பை எடுத்துக்கொண்டு கடை கடையாக அளந்து வந்தார்கள். எங்கள் முகப்பு 18 அடி. அளந்து முடித்தவர்கள் நகராமல் நின்றார்கள். கேட்டதற்கு, "அண்ணாச்சி, சாம்பிள் சாக்கு வைக்கிற பலகை மூணடி ரோட்டுல நீட்டிட்டு இருக்கு. அதையும் எழுதவா?" என்றார்கள். எங்கள் தகப்பனார் காலத்துப் பலகை. எழுதச் சொல்லிவிட்டு, மறுநாள் காலை ஆசாரியைக் கூப்பிட்டு அதை எடுத்தாயிற்று. வத்தல் சாக்கையும் மல்லிச் சாக்கையும் இனி எங்கே வைப்பது என்று கணக்குப்பிள்ளை கேட்டார். குடோனாக இருந்த பக்கத்து ஷட்டரைத் திறந்து அங்கே வைக்கச் சொல்லியிருக்கிறோம்.